ஹார்பர் தாண்டிப் போன ஆட்டோ

சத்தியமா சொல்றேன் தம்பி, இதுல ஒரு வார்த்த பொய்யி கெடையாது. பெயிண்டுல தண்ணி கலப்பேன். ஒத்துக்கிறேன். கலக்காதவன் எவன் இருக்கான். பேச்சுல கலக்க மாட்டேன். பொய்யின்னு உனக்குப் பட்டுச்சுன்னா விழுப்புரத்துல பஸ்ஸு நிக்கும், எந்திரிச்சு வேற சீட்டு பாத்துக்க. இப்ப காதுல மாட்டியிருக்கேல, அத மட்டும் கழட்டு. ரெண்டையும் கழட்ட வேண்டாம், என் பக்கத்துக் காதுல இருக்கறத மட்டும் கழட்டுனாப் போதும்.

பேரு சீனிச்சாமி. அருப்புக்கோட்ட. பெயிண்டரு. பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போனது மூணு வருசம். அதுக்கப்புறம் போனதெல்லாம் வெள்ளையடிக்கத்தான். அதுலதான் தம்பி நாலு எழுத்து கத்துக்கிட்டேன், கரும்பலகைக்குக் கருப்படிக்கயில.

நீ கப்பல்ல போயிருக்கியா? நான் போயிருக்கேன். பாத்தியா, சிரிக்கிற. இவன் மூஞ்சிக்குக் கப்பலாங்குற. போயிருக்கேன்டா. போட்டோ இருக்கு, அப்புறம் காட்டுறேன்.

பெயிண்டு வாளி மூடியத் தொறந்தா உள்ள ஒரு டோக்கன் இருக்கும். வீட்டுக்காரனுக்குத் தெரியாது. எங்களுக்குத்தான் தெரியும். அதச் சேத்து கம்பெனிக்கு அனுப்புனா குக்கரு குடுப்பான், சுவர்க்கடியாரம் குடுப்பான். எங்க வீட்டுல ஏழு கடியாரம் இருக்கு, ஒவ்வொன்னும் ஒவ்வொரு மணி காட்டும். போன வருசம் ஜில்லாவுலயே அதிகமா டோக்கன் அனுப்புன ஆளு நான்தானாம். போனப் போட்டு, சீனிச்சாமி அண்ணாச்சி, உங்களுக்குக் கப்பல் டூருங்குறான். மெட்ராஸ் ஹார்பர்ல ஏத்தி, ரெண்டு ராத்திரி கடல்ல சுத்தி, ஏத்துன எடத்துலயே எறக்கி விட்ருவான். ரெண்டு பேருக்கு. புருசன் பொஞ்சாதி.

ஒரே ஒரு கண்டிசன். காலையில பத்து மணிக்கு ஹார்பர் கேட்டுல நிக்கணும். அதுக்கு முந்துன ராத்திரி நீ எங்க தங்குற, எங்க திங்குற, அது உன் பாடு. கம்பெனிக்குச் சம்பந்தமில்ல.

எல்லாம் அந்த ராத்திரியிலதான் தம்பி வந்துச்சு. கப்பல்ல ஒன்னும் ஆகல.

டீக்கடையில விசயத்தச் சொன்னேன். சொன்னதுதான் தாமசம், ஆளாளுக்கு யோசன. எழும்பூர்ல தங்கு, ரயில விட்டு எறங்குனதும் ரூமுங்குறான் ஒருத்தன். தி.நகர்ல தங்கு, அண்ணி சேல எடுக்கட்டும்ங்குறான் இன்னொருத்தன். மெரினாவுக்கு எதுத்தாப்ல தங்குண்ணே, காலையில எந்திரிச்சதும் கப்பலுக்கு டாட்டா காட்டலாம்ங்குறான் எங்கிட்ட வேல பாக்குற பய. நாளைக்கு ஏறப்போற கப்பலுக்கு எதுக்குடா டாட்டான்னு கேட்டேன். இப்படி ஊரே கூடி எனக்கு ரூமு போட்டுச்சு. ஆனா ஒருத்தன் கூட, ஏண்ணே, உங்க மக அங்கனதான இருக்குன்னு சொல்லல. டீய உறிஞ்சுறான், தரையப் பாக்குறான்.

ஆமா, மக இருக்கா. ஒரே மக. சங்கரேஸ்வரி. பழைய வண்ணாரப்பேட்டையில இருக்கா. ஹார்பர்ல இருந்து ஆட்டோவுல பத்து நிமிசம். மாப்ள பால்பாண்டிக்கு கன்டெய்னர் எறக்குற எடத்துல வேல. தங்கமான பையன். வாயி மட்டும் கெடையாது, ரெண்டு வீட்டுக்கும் சேத்து நான் வச்சுருக்கேன்.

நீ கேக்கப்போற, தெரியுது. பெத்த மக வீடு பத்து நிமிசத்துல இருக்கயில லாட்ஜுல தங்குறதான்னு. எங்க பக்கம் அப்படித் தங்குனா அந்த மகள ஊரு முன்னாடி கை கழுவுன மாதிரி. தெரியும். ஆனா அவ எங்கிட்ட பேசி அன்னைக்கோட பதினாலு மாசம். அவதான் பேசல. நான் பேசாம இருக்கல. நான் எப்பயும் பேசிக்கிட்டுதான இருக்கேன்.

என்ன நடந்துச்சுன்னா, ஒன்னுமில்ல. எந்தம்பி மகளுக்கு வளகாப்பு. மண்டபத்துல அறுபது எழுபது பேரு. சங்கரி மெட்ராஸ்ல இருந்து வந்துருந்தா, கையில சந்தனக் கிண்ணத்த வச்சுக்கிட்டு நின்னா. அப்ப ஒரு கெழவி எங்கிட்ட, ஏப்பா சீனி, உன் மகளுக்குக் கட்டி நாலு வருசமாச்சே, எப்ப வளகாப்புன்னு கேட்டுச்சு. நான் என்ன சொன்னேன்? வெளாட்டுக்குச் சொன்னேன் தம்பி. "செவுரு புதுசுதான் ஆத்தா, மாப்ளயும் ரெண்டு கோட்டு அடிச்சுப் பாத்துட்டாரு, கலரு ஒட்ட மாட்டேங்குது, அடியில பூசுன ப்ரைமரு சரியில்ல போல"ன்னேன்.

மண்டபமே சிரிச்சுச்சு. சமையக்காரன் கூட கரண்டியோட எட்டிப் பாத்துச் சிரிச்சான். அது நல்லாத்தான இருக்கு? உனக்குச் சிரிப்பு வரல? வரலையா. சரி.

சங்கரி கிண்ணத்தக் கீழ வச்சா. வெரல்ல இருந்த சந்தனத்தத் தொடச்சா. பையத் தூக்குனா, போயிட்டா. மாப்ள பின்னாடியே போறாரு. சாப்பிடக் கூட இல்ல.

அன்னைக்குச் சாயங்காலம் எம் பொண்டாட்டி ராமுத்தாயி சொல்லுது. அதுக்குப் பதினோரு நாளைக்கு முன்னாடிதான் ரெண்டு மாசக் கரு கலைஞ்சு போச்சாம் சங்கரிக்கு. எனக்குத் தெரியாதே. எவளாவது சொன்னாளா? தெரிஞ்சிருந்தா சொல்லிருப்பேனா? நீயே சொல்லு. ...சொல்லிருக்க மாட்டேன். மாட்டேன்னுதான் நெனைக்கிறேன்.

சரி, கப்பலுக்கு வருவோம்.

வைகை எக்ஸ்பிரஸ்ல கெளம்புனோம். ராமுத்தாயி ஒரு பையக் கொண்டு வந்தா பாரு, ரெண்டு கையாலயும் தூக்க முடியல. "என்னத்தா இது, கப்பல்ல நங்கூரம் இல்லன்னு நம்ம வீட்டுல இருந்து கொண்டு போறமா"ன்னேன். மடியில வச்சுக்கிட்டே வந்தா. மேல வையின்னா வைக்க மாட்டேங்குறா. பூண்டு வாசம் வேற குப்புன்னு அடிக்குது. கப்பல் சாப்பாடு ஒத்துக்காதுன்னு பொடியும் ஊறுகாயும் கட்டிக்கிட்டு வாராளாக்கும்னு நெனச்சேன். முப்பத்திரெண்டு வருசமா அவ ஆக்குனதத்தான் நான் திங்கேன், எனக்கு ஒத்துக்கிட்டதா இல்லையான்னு ஒரு நாளு கேட்டதில்லன்னேன். சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

மத்தியானம் எழும்பூர்ல எறங்குனோம். எதுத்தாப்லயே வரிசையா லாட்ஜு. ஒன்னுல போயி ரூமு காட்டச் சொன்னேன். கட்டில் நல்லாருக்கு, பேனு ஓடுது. நான் செவுத்துல கைய வச்சேன். உள்ளங்கையெல்லாம் வெள்ள. பழைய சுண்ணாம்பச் சொரண்டாம அது மேலயே எமல்சன அடிச்சு வச்சுருக்கான். "இந்தச் செவுரு நடுச்சாமத்துல என் மேல உதுந்துச்சுன்னா காலையில என்னைய எவனும் கப்பல்ல ஏத்த மாட்டான், பேயின்னு நெனச்சுருவான்"னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். மேனேஜரு சிரிச்சுட்டாரு.

பக்கத்துல ஓட்டலு. சாப்பிடுவமான்னேன். பசிக்கலன்னா. காலையில ரெண்டு இட்லி தின்ன பொம்பள, மத்தியானம் ரெண்டர மணிக்குப் பசிக்கலங்குறா.

ஒரு ஆட்டோ புடிச்சேன். மண்ணடிக்குப் போப்பான்னேன், ஹார்பர்ப் பக்கமா இருக்குமேன்னு. அங்கன ஒரு லாட்ஜு தம்பி, மூணாவது மாடி. செவுத்துல கை வச்சா கண்ணாடி. பட்டி பாத்து, தேச்சு, ரெண்டு கோட்டு, ஒரு பிசிறு இல்ல. எவனோ தொழில் தெரிஞ்சவன் அடிச்சுருக்கான். சன்னலத் தொறந்தா ஹார்பர் கிரேனு தெரியுது. கீழ பிரியாணிக் கட, வாசம் படியேறி வருது. நடந்து போனா கப்பலு. இதுக்கு மேல என்ன வேணும்?

வேணாம்னுட்டேன்.

ரோஸ் கலரு தம்பி. செவுரு ரோஸு. பேரன் பேத்தி எடுக்குற வயசுல ரோஸ் ரூமுல படுத்தா ராத்திரி தூக்கம் வருமா? அப்படித்தான் சொன்னேன். ராமுத்தாயி அப்பத்தான் அன்னைக்கு மொத மொதல்ல சிரிச்சா. பரவால்ல, நம்ம பேச்சுக்கு இன்னும் இவ சிரிக்கிறாளேன்னு எனக்கும் ஒரு சந்தோசம்.

ஆட்டோக்காரன் கீழ நிக்கிறான். "இன்னா பெர்சு, இதுவும் புட்ச்சலயா"ங்குறான். "வடக்க போப்பா, அங்கிட்டு நல்லாருக்கும்"னேன். கொஞ்ச தூரம் போனான். வண்டிய ஓரங்கட்டிட்டுத் திரும்புனான். "பெர்சு, நீ கப்பலுக்குப் போவணும்னுதான சொன்ன? கப்பல் அந்தாண்ட கீது. ஹார்பர் கேட்டு தாண்டி வந்துனே கீறோம். நீ எந்த ஊரு கப்பலுக்குப் போற?"

"ஓட்டுப்பா. தள்ளி நின்னு பாத்தாத்தான் கப்பல் பெருசாத் தெரியும்"னேன்.

ராமுத்தாயி எம் பக்கம் கூடப் பாக்கல. அந்தப் பையப் புடிச்சுருந்த கைய எடுத்து என் முட்டி மேல வச்சா. ரோடு மேடு பள்ளமா இருந்துச்சு, அதுக்காகப் புடிச்சுருப்பா.

அப்படியே சுத்திச் சுத்தி எங்க போயி நின்னோம்னா, பழைய வண்ணாரப்பேட்டையில ஒரு லாட்ஜு. நான் அதுக்காகப் போகல. மொதல்லயே சொல்லிப்புடுறேன். அந்தப் பக்கம் லாட்ஜு வாடக கொறச்சல், அம்புட்டுத்தான். அந்த ரூமு செவுரு இருக்கே, நான் என் ஆயுசுல அந்த மாதிரி செவுரப் பாத்ததில்ல. அடியில உப்புப் பூத்துருக்கு. மேல ஈரம். நடுவுல பெயிண்டு அப்பளமாட்டம் பொங்கி நிக்குது. "இது போதும்"னேன். ரூம் பையனுக்கே சந்தேகம், "சார், வேற ரூமு காட்டவா"ங்குறான். வேணாம்னுட்டேன். அலுப்பு தம்பி. எம்புட்டு நேரம் அலையிறது.

சன்னல் வழியா பாத்தா ஒரு தெரு. அந்தத் தெரு முக்கு எனக்குத் தெரிஞ்ச முக்குதான். மக பால் காச்சயில ஒரு தரம் வந்துருக்கேன்.

ராமுத்தாயி கட்டில்ல உக்காந்தா. "என்னங்க, ஒன்னு கேட்டா செய்வீகளா."

"சேலையா, தங்கமா"ன்னேன்.

"இன்னைக்கு ராத்திரி ஒத்த ராத்திரி. யாரு வந்தாலும், என்ன பேசுனாலும், கேலி பண்ணாம இருப்பீகளா."

"யாரு வரப்போறா? நம்மளத் தேடி முதலமைச்சரா வரப்போறாரு?"

"யாரு வந்தாலும்."

"சரி சரி"ன்னேன். அவ விடல. என் கையப் புடிச்சு அவளே தூக்கி அவ தல மேல வச்சுக்கிட்டா. எண்ண தேச்சு வழிச்சுச் சீவுன தல. நான், "இதுல அடிச்ச கருப்பு மங்கிப் போச்சு, இன்னொரு கோட்டு அடிக்கணும்"னேன். அப்பயும் கைய எடுக்க விடல. "சரித்தா, சத்தியம்"னேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஆறர மணி இருக்கும். சாப்பிடப் போவோம்னா. எங்கன்னேன். "தெரு முக்குல நம்ம பக்கத்து ஆளு மெஸ்ஸு வச்சுருக்காராம், நல்லாருக்குமாம்." நான் அசந்து போயிட்டேன். முப்பத்திரெண்டு வருசத்துல எங்க திங்கணும்னு அவ வாயில இருந்து வந்ததே இல்ல. அதுவும் மெட்ராஸ்ல. எப்படித் தெரியும்னேன். "சொன்னாங்க"ன்னா. யாரு சொன்னான்னு நானும் கேக்கல. பசி.

போனோம். சாத்தூர்க்காரரு கட. எலையப் போட்டான். எனக்கு எண்ணப் பரோட்டா, சால்னா. அவளுக்கு இட்லி. பிச்சு வச்சுக்கிட்டு உக்காந்துருக்கா, வாயில வைக்கல. வாசலயே பாத்துக்கிட்டு இருக்கா. "என்ன, வாசல்ல தனியா பந்தி போடுறானா"ன்னேன். உடனே நாக்கக் கடிச்சுக்கிட்டேன், சத்தியம் ஞாபகம் வந்துருச்சு. பாத்தியா, முயற்சி பண்ணிக்கிட்டுதான் இருந்தேன்.

அப்பதான் சங்கரி உள்ள வந்தா.

எப்படிச் சொல்ல. வயிறு. எட்டு மாசத்து வயிறு. ஒரு கைய இடுப்புல குடுத்துக்கிட்டு, மெதுவா, பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவுல ஒதுங்கி ஒதுங்கி வாரா. கால்ல வீக்கம். மூஞ்சி நல்லா பூரிச்சுக் கெடக்கு. எனக்குத் தெரியாது தம்பி. ஒருத்தரும் சொல்லல. எம் பொண்டாட்டிக்குத் தெரியும், மாசமாசம் தெரியும். எங்கிட்ட வந்து சொல்லல. கூடப் படுத்து எந்திரிக்கிறவ, எட்டு மாசமா மூச்சுக் காட்டல. அப்புறமா ஒரு நா போன்ல கேட்டேன், ஏன் சொல்லலன்னு. "நீங்க என்ன சொல்வீகளோன்னு பயமா இருந்துச்சு"ங்குறா. என்னத்தச் சொல்லிறப் போறேன்.

சங்கரி வந்து எம் முன்னாடி நின்னா. "எப்பப்பா வந்தீங்க"ன்னா.

பதினாலு மாசத்துக்கு அப்புறம் தம்பி. அப்பான்னு.

எனக்குள்ள என்னமோ பொங்கிக்கிட்டு வருது. எந்திரிக்கணும்னு தோணுது, அவ தலையத் தொடணும்னு தோணுது, கையெல்லாம் சால்னா. வாயத் தெறந்தேன். நல்லா இருக்கியாத்தான்னு கேக்கத்தான் தெறந்தேன். சத்தியமா அதுக்குத்தான். ஆனா என்ன வந்துச்சு தெரியுமா?

"நாங்க வந்தது இருக்கட்டும்த்தா. கப்பல் நாளைக்குத்தான எனக்கு. நீ இன்னைக்கே அத முழுங்கிட்டு வந்து நிக்கிற"ன்னேன்.

பரோட்டா மாஸ்டர் சிரிச்சான். பக்கத்து மேச ஆளு ஒருத்தன் புரை ஏறிச் சிரிச்சான்.

பாசத்துல சொன்னேன் தம்பி. அந்த எடத்துல பாசம் அப்படித்தான் வந்துச்சு. வேற எப்படி வரும்? எனக்குத் தெரிஞ்ச பாஷ அது ஒன்னுதான.

அவ சிரிக்கல. அழவும் இல்ல. மேல கெடந்த துப்பட்டாவ இழுத்து வயித்த மூடுனா. அந்த ஆளுக்கிட்ட இருந்து மூடல. எங்கிட்ட இருந்து மூடுனா. அவங்கம்மாவப் பாத்து, "நான் வர்றேம்மா"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டா. வந்த மாதிரியே மெதுவா, இடுப்புல கையக் குடுத்துக்கிட்டு. வேகமாப் போக முடியல அவளால.

ராமுத்தாயி ஒரு வாயி கூட வைக்காத எலைய மூடுனா. எந்திரிச்சா. என் காதுக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னா.

"ஒத்த ராத்திரி கேட்டேன்."

அம்புட்டுத்தான். வைய்யல, கத்தல. கையக் கழுவிட்டு மக பின்னாடியே போயிட்டா.

நான் ரெண்டு பரோட்டாவையும் தின்னுட்டுத்தான் எந்திரிச்சேன். எங்க போயிரப் போறா, தெரு முக்குதான. சாப்பாட்ட வீணாக்கக் கூடாதுல்ல.

லாட்ஜுக்குப் போயி உக்காந்தேன். வருவா வருவான்னு பாக்கேன். எட்டு மணிக்குக் கதவு தட்டுற சத்தம். தொறந்தா மாப்ள. செருப்ப வெளியவே விட்டுட்டு வாராரு, லாட்ஜு ரூமுக்கு. "மாமா, சாப்பிட்டீங்களா"ன்னாரு. சாப்பிட்டேன்னேன். "அத்த பைய வாங்கிட்டு வரச் சொன்னாங்க"ன்னாரு.

நான்தான் எடுத்துக் குடுத்தேன். தூக்கயில ஜிப்பு விட்டுப் போச்சு. உள்ள இருந்ததெல்லாம் கட்டில்ல விழுகுது. என்னென்ன இருந்துச்சுங்குற? பழைய நூல் சேலையக் கிழிச்சு, தொவச்சு மடிச்ச துணி, ஒரு பத்துப் பன்னெண்டு. பூண்டு லேகியம் ஒரு சம்படம் நெறைய. கருப்பட்டி. வசம்பு. நல்லெண்ண. சின்னதா ஒரு கம்பளிக் குல்லா, அவளே பின்னிருக்கா, எப்பப் பின்னுனான்னு தெரியல. கப்பலுக்குன்னு ஒரு நல்ல சேல கெடையாது அதுல.

மாப்ள கீழ குனிஞ்சு ஒவ்வொன்னா எடுத்து வச்சாரு. நான் சும்மா இருக்க முடியாம, "என்ன மாப்ள, கப்பல்ல எவளுக்கோ பேறுகாலம் பாக்கக் கெளம்பிட்டா போல உங்கத்த"ன்னேன். அவரு நிமுந்து பாத்தாரு. வாயில்லாத பையன்னு சொன்னேன்ல, அன்னைக்குப் பேசுனாரு.

"சங்கரி தலப்பிரசவத்துக்கு அருப்புக்கோட்டைக்கு வரமாட்டேன்னுட்டா மாமா. அதான் அத்த இங்க வந்து பாக்குறேன்னாங்க. உங்களையும் கூட்டிட்டு வந்துருவேன்னு சொன்னாங்க. வீட்டுக்குன்னா நீங்க வர யோசிப்பீங்க, அதனால மொதல்ல மெஸ்ல பாத்துப் பேசட்டும்னு சொன்னது அத்ததான். ராத்திரி நம்ம வீட்டுல தங்கிட்டுக் காலையில கப்பலுக்குப் போவீங்கன்னு, உங்களுக்கு ஒரு கட்டிலு வாங்கிப் போட்டோம் மாமா. புதுசு."

கட்டிலு என்ன மரம்னு கேட்டேன்.

அவரு பையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, "வர்றேன் மாமா"ன்னு போயிட்டாரு. வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிடல. கூப்பிட்டுருந்தா போயிருப்பேன். கூப்பிடாம எப்படிப் போறது? எனக்கும் ஒரு இது இருக்குல்ல.

அந்தச் செவுரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். விடிய விடிய அது பொலபொலன்னு உதுருது.

காலையில பத்து மணிக்குக் கேட்டுல நின்னேன். கம்பெனிக்காரன், "அண்ணாச்சி, அண்ணி எங்க"ன்னான். "அவளுக்குக் கடலுன்னா பயம்"னேன். அது பொய்யி இல்ல தம்பி, நான் யோசிச்சுப் பாத்துட்டேன். கப்பலுன்னா அவளுக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துருக்கும். இல்லன்னா இப்படி ஒரு சான்ச எவளாவது விடுவாளா.

கப்பல்ல ரெண்டு ராத்திரியும் நான்தான் ராசா. தமிழ்நாட்டுப் பெயிண்டரு அம்புட்டுப் பேரும் என் மேசையச் சுத்தித்தான். நான் வாயத் தெறக்க வேண்டியதுதான், சிரிச்சுச் சிரிச்சு உருளுறாங்க. மைக்கக் கூட குடுத்துட்டான். அவங்க பொண்டாட்டியெல்லாம் சிரிக்குது. எம் பக்கத்துல ஒரு நாக்காலி காலியாத்தான் இருந்துச்சு. வெயிட்டரு ரெண்டு வேளையும் அதுக்கு முன்னாடியும் தட்டு வச்சான். வேணாம்னு நானும் சொல்லல. எதுக்குச் சொல்லணும், வச்சுட்டுப் போறான்.

அந்த மாசக் கடைசியில பொறந்துருச்சு. பொம்பளப் புள்ள. ராமுத்தாயி அங்கயேதான் இருக்கா, ஏழு மாசம் ஆகப்போகுது. சங்கரி வேலைக்குப் போறாளாம், புள்ளையப் பாக்க ஆளு வேணுமாம். தெனம் போன் பண்ணுவா. சாப்பிட்டீகளா, மாத்தர போட்டீகளா. வச்சுருவா. பேத்தி போட்டோவ அவ வாட்ஸப்புல பேருக்குப் பக்கத்துல வச்சுருக்கா, அதத்தான் நான் என் போன்ல பாத்துக்கிறேன். நானாத்தான் பொங்கித் திங்கேன். செவுத்துக்கிட்டப் பேசுறேன். செவுரு சிரிக்க மாட்டேங்குது, அதான் கொற.

முந்தா நாளு மாப்ள போன் போட்டாரு. "மாமா, சங்கரி ஒன்னு சொல்லச் சொன்னா"ன்னாரு. என்னன்னேன். "ஞாயித்துக்கெழம வரச் சொன்னா. வந்து, கேலியா ஒரு வார்த்த பேசாம, ஒரு மணி நேரம் வீட்டுல உக்காந்துருந்தீங்கன்னா, புள்ளைய உங்க மடியில தர்றேன்னா"ன்னாரு. பின்னாடி சங்கரி மூச்சு விடுற சத்தம் கேக்குது. போனுக்குப் பக்கத்துலதான் நிக்கிறா. நான் ஒன்னும் பேசல. ஒரு வார்த்த பேசல. சரின்னு கூடச் சொல்லல, சொன்னா அது வேற எதையும் கூட இழுத்துட்டு வந்துருமோன்னு பயம். அவரு ஹலோ ஹலோன்னு கத்துறாரு.

அதுக்குத்தான் இந்தப் பயணம். மதுரையில ஏறயில என்ன நெனச்சு ஏறுனேன் தெரியுமா? மெட்ராஸ் வரைக்கும் வாயத் தெறக்காம போயிப் பாப்போம், நமக்கு முடியுதான்னு. ஒத்திகை. நீ வந்து பக்கத்துல உக்காந்த. மேலூரு கூட தாண்டல, வாயத் தெறந்துட்டேன்.

செங்கல்பட்டு வந்துருச்சா? கிட்டத்துலதான். தம்பி, காதுல எத மாட்டுற? கதயெல்லாம் கேட்டாச்சு, கெளம்பலாம்னு பாக்குறியா. ஓசியா எவன் சொல்லுவான் இம்புட்டு? நானே பெயிண்டரு, கூலி வாங்காம எந்தச் செவுரையும் விட்டதில்ல. காசெல்லாம் வேணாம். என்கூட வண்ணாரப்பேட்டைக்கு வா. தம்பி எனக்குத் தெரிஞ்ச பையன்னு சொல்லிக்கிறேன். ஒரே ஒரு மணி நேரம், எம் பக்கத்துல ஒட்டி உக்காந்துக்க. என் ஒதடு லேசா அசைஞ்சாலும் போதும், கால ஓங்கி மிதி. பாவம் பாக்காத, பெரிய மனுசன்னு பாக்காத, செருப்போட மிதி. எடது கால்ல மட்டும் மிதி, வலது கால்ல ஆணி இருக்கு.